பத்து மணி வாசல்

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் குகன் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்து மவுஸைத் தொட்டான். பிசுபிசுவென்று ஒட்டியது. சர்க்கரைப்பாகு. சட்டை முனையால் துடைத்தான். துடைக்கத் துடைக்கப் பாகு பரவியதே தவிரப் போகவில்லை.

கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜிலேபி டப்பா திறந்து கிடந்தது. முதலாளி தரணீதரனின் சம்பந்தி வீட்டு ஜிலேபி. ஏற்றுமதிக்காரர் சென்னியப்பன் வீட்டுக்கு மகளைக் கட்டிக் கொடுத்து ஆறு மாதம் ஆகிறது. ஆறு மாதமாக அந்த வீட்டுப் பலகாரம் வாரம் தவறாமல் இந்த ஆபீசுக்கு வந்து, யாராவது தின்ற கையோடு குகனின் சிஸ்டத்தைத் தடவிவிட்டுப் போகிறார்கள். டீக்கு எல்லோரும் ஒன்றாக எழுந்து போகும் ஆபீஸ் அது. ஒருவரும் தங்கள் சிஸ்டத்தைப் பூட்டிவிட்டுப் போனதில்லை. பூட்டினால், "ஏனுங்க, எங்க மேல நம்பிக்கை இல்லீங்களா" என்று கேட்பார்கள். குகனும் பூட்டியதில்லை.

அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரப் பட்டறையின் மேல்மாடியில் இருந்தது ஆபீஸ். கீழே பித்தளை தட்டுகிற சத்தம், மேலே ஆறு பேர். துணிக்குச் சாயம் போட நாள் பிடித்துக் கொடுப்பதுதான் அவர்கள் வேலை. சாயப்பட்டறைகள் ஒரு நாளைக்கு இத்தனை கிலோவுக்கு மேல் சாயம் போடக் கூடாது, கழிவுநீர்க் கட்டுப்பாடு இருக்கிறது. அதனால் எந்த யூனிட்டின் துணிக்கு எந்த நாள் என்ற இடங்களை, வாரத்துக்கு நூற்றெண்பது இடங்களை, ஒவ்வொரு திங்கட்கிழமையும் சரியாகப் பத்து மணிக்கு இவர்களுடைய ஆப் திறந்துவிடும். முந்தியவருக்கு இடம். பிந்தியவர் அடுத்த திங்கள் வரைக்கும் சாயம் ஏறாத துணியை மூலையில் அடுக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்தப் பத்து மணிக் கூட்டத்தைத் தாங்குவதற்குக் குகன் கட்டியதுதான் கிளஸ்டர். கன்டெய்னர்களில் ஓடும் சின்னச் சின்ன புரோகிராம்கள். ஒன்று மூச்சை விட்டால் அதே நொடியில் இன்னொன்று எழுந்து நிற்கும். கூட்டம் கூடினால் நாலு எட்டாகும், எட்டு பதினாறாகும். அத்தனைக்கும் முன்னால் ஒரே ஒரு வாசல். கேட்வே என்பார்கள். எவன் எங்கிருந்து கேட்டாலும் அந்த வாசலைத் தட்டித்தான் உள்ளே வர வேண்டும்.

அந்த வாசலில் குகன் ஒரு சட்டம் போட்டிருந்தான். ஒரே இணைய முகவரியிலிருந்து நொடிக்கு ஐந்து முறைக்கு மேல் தட்டினால், தட்டிய அத்தனைக்கும் மறுப்பு, ஒரு நிமிடத்துக்கு வெளியே நில். சென்னியப்பன் கம்பெனிக்காரர்கள் ஒரு புரோகிராம் எழுதி நொடிக்கு நானூறு முறை தட்டி இடங்களை அள்ளிக்கொண்டு போனார்கள் என்பதால், ஐந்து மாதத்துக்கு முன்னால் போட்ட சட்டம் அது. கோயமுத்தூரில் ஒரு கூட்டத்தில் இதைப் பற்றி அரை மணி நேரம் பேசினான். "பெரியவன் சின்னவன் எல்லாம் வாசலுக்குத் தெரியாதுங்க. எண்ண மட்டுந்தான் தெரியும்" என்று அவன் சொன்னதும் கைதட்டினார்கள். அன்றைக்குப் பஸ்ஸில் திருப்பூர் திரும்பும்போது அவனுக்குக் கால் தரையில் படவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு மாடிப்படியில் ஒரு அம்மாள் ஏறி வந்தாள். நாற்பதை எட்டாத வயது, புடவைத் தலைப்பில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. தோளில் ஒரு பை.

"இங்க சாய ஆப்பு பாக்கறவங்க யாருங்க?"

போனில் பதில் சொல்லும் நித்யஸ்ரீ தலையைத் தூக்கினாள். "அருள்புரம் ஜெயசுதாக்காதானுங்க? போன்லயே சொன்னனுங்களே. நீங்க சும்மா சும்மா அமுத்தறதுனாலதான் வெளிய தள்ளுது. பொறுமையா ஒருக்கா அமுத்துங்க."

"ஒருக்காத்தான் அமுத்துனனுங்க."

"எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க."

ஜெயசுதா கோபப்படவில்லை. பையைக் கீழே வைத்து, போனை எடுத்து, நேராகக் குகனிடம் நீட்டினாள். அவன்தான் அங்கே கம்பிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். "தம்பி, நீங்களே பாருங்க. மூணு திங்கக்கெழமயா இதேதான் வருது."

திரையில் இருந்தது குகன் எழுதிய வாசகம்தான். 'மிக அதிகமான கோரிக்கைகள். சற்று நேரம் கழித்து முயலவும்.'

"எனக்குப் பன்னெண்டு டேபிளுங்க. பனியன் கம்பெனில செக்கிங்ல இருந்து, ஒவ்வொரு மிஷினா வாங்கிப் போட்டு, போன வருசந்தான் சொந்தமா போர்டு மாட்டுனனுங்க. மொத மொதல்ல நேரா எங்கைக்கு வந்த ஆர்டருங்க இது. நானூறு கிலோ துணி பின்னி வந்து கெடக்குது. இந்த வாரம் சாயத்துக்குப் போகலீன்னா ஆர்டரைத் திருப்பி எடுத்துக்கறன்னுட்டாங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்கு மட்டுமில்லீங்க. எங்க காம்பவுண்டுல பதினோரு யூனிட்டு. பதினொண்ணுக்கும் இதேதான்."

ஒவ்வொரு போனிலும் வந்ததைப் படம் எடுத்து வாங்கி வைத்திருந்தாள். பதினோரு படம். குகன் போன வாரப் பதிவைத் திறந்தான். அவள் எண்ணைத் தேடினான். பத்து மணி, ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு. மறுப்பு.

பிறகு அந்தப் பதினோரு யூனிட்டுகளையும் தேடினான். எல்லாம் ஒரே இணைய முகவரி.

"அக்கா, உங்க காம்பவுண்டுல நெட்டு எப்படிங்க?"

"காம்பவுண்டுக்காரர் ஒரு லைன் எடுத்து எல்லாத்துக்கும் வைஃபை உட்டிருக்காருங்க. கரண்டு, தண்ணி மாதிரிதான். ஏனுங்க?"

குகன் அந்த முகவரியை மறுபடி படித்தான். திருப்பூரில் பிறந்தவன் அவன். நல்லூரில் அவன் வீட்டுச் சந்திலேயே மூன்று யூனிட்டுகள் ஒரே லைனில் ஓடுகின்றன. ஒரு காம்பவுண்டு, ஒரு போர்வெல், ஒரு லைன் என்பது இந்த ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பதினோரு பேர் பத்து மணிக்கு ஆளுக்கொரு தடவை அழுத்தினாலே நொடிக்கு ஐந்தைத் தாண்டிவிடும். வாசலின் கண்ணுக்கு அந்தப் பதினோரு பேரும் ஒரே பேராசைக்காரன். தள்ளு வெளியே. சின்ன யூனிட்டுகளைக் காப்பாற்றப் போட்ட சட்டம், ஐந்து மாதமாகச் சின்ன யூனிட்டுகளின் கழுத்தைத்தான் பிடித்துத் தள்ளியிருக்கிறது. இதற்குத்தான் கோயமுத்தூரில் கைதட்டல் வாங்கினான். அந்தக் கைதட்டலை நினைக்க இப்போது வாயில் எச்சில் கசந்தது.

"அக்கா, உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. தப்பு என்னுதுங்க. முகவரிய எண்ணக் கூடாது, ஆளத்தான் எண்ணோணும். அஞ்சு நிமிசத்துல மாத்திடறனுங்க. பத்து மணிக்கு நீங்க அமுத்துங்க."

ஜெயசுதா பக்கத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தாள்.

குகன் வாசலின் சட்டக் கோப்பைத் திறந்தான். தன் வரியை மாற்றினான். லாகின் வாரியாக எண்ணு. அதைச் சேமிக்கும்போதுதான் மேலே இருந்த இன்னொரு வரி கண்ணில் பட்டது. 'முதல்பந்தி' என்ற குறிச்சொல்லோடு வரும் கோரிக்கைகளை எண்ணாதே, நிறுத்தாதே, உள்ளே விடு.

அவன் அப்படி ஒரு வரி எழுதியதே இல்லை. யார் எழுதியது என்று பார்த்தான். குகன், என்று இருந்தது. ஐந்து மாதத்துக்கு முந்தைய தேதி. சட்டம் போட்ட மறுநாள். காலை பத்தே முக்கால். டீ நேரம்.

பக்கத்து மேஜையில் ராபின் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாகர்கோவில்காரன், சர்வர் வேலையில் குகனுக்குத் துணை.

"ராபின், இது யாரு போட்டது?"

ராபின் எட்டிப் பார்த்தான். முகம் மாறவில்லை. "நாந்தான் போட்டேன். மொதலாளி போடச் சொன்னாவ."

"எம்பேர்ல ஏன் இருக்குது?"

"ஒன் சிஸ்டம் தொறந்து கெடந்துச்சு. அதுலயே போடுன்னாவ. நீ கேட்டா சொல்லிக்கிடலாம்னாவ. நீ கேக்கவே இல்லியே மக்கா."

"யாருக்குப் போட்டது?"

ராபின் ஜிலேபி டப்பாவைப் பார்த்தான். பதில் அதுதான்.

குகன் போன வாரப் பதிவை மறுபடி ஓட்டினான். 'முதல்பந்தி'. பத்து மணி, முதல் நொடி: நூற்றுப் பன்னிரண்டு இடங்கள். இருபத்தாறு யூனிட் பெயர்களில், எல்லாமே சென்னியப்பனுடையவை. எவனைத் தடுக்கச் சட்டம் போட்டானோ அவன் மட்டும் ஐந்து மாதமாக வாசலைச் சுற்றிக்கொண்டு உள்ளே போயிருக்கிறான். குகனின் பெயரில் வெட்டிய ஓட்டை வழியாக.

அப்போதுதான் தரணீதரன் உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் இன்னொரு டப்பா. புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"வாங்க அம்மணி, வாங்க. எந்த ஊருங்க? அருள்புரங்களா? சாப்ட்டீங்களா? நித்யா, அக்காளுக்கு ஒரு டீ சொல்லு கண்ணு. வெயில்ல வந்திருக்காங்க."

"பரவால்லீங்க சாமி" என்றாள் ஜெயசுதா.

குகன் அவரைப் பின்பக்கப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். மணி ஒன்பது ஐம்பத்தைந்து. விஷயத்தைச் சொன்னான். தரணீதரன் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டிக் கேட்டார். கோபமே இல்லை. அதுதான் குகனுக்கு இன்னும் குமட்டியது.

"கண்ணு, நம்ம பக்கத்துல ஒரு கல்யாணம்னா மொதப் பந்தில யார உக்கார வெப்போம்?"

"ஒரம்பரைங்கள, சொந்தபந்தங்களங்க."

"சம்பந்தி ஊட்டுக்காரங்கள ரெண்டாம் பந்திக்கு நிக்க வெச்சா நாளைக்கு எம்பொண்ணு அந்த ஊட்ல தல நிமுந்து இருக்க முடியுமா? அவ்வளவுதான் கண்ணு. இது மரியாத. நீ இத வேற மாதிரி நெனைக்காத."

"மொதப் பந்தில உக்காந்து சாப்ட்டா பரவால்லீங்ணா. அண்டாவத் தூக்கிட்டுப் போறாருங்களே. நூத்தியெம்பதுல நூத்திப் பன்னெண்டு."

"அவருக்கு அவ்வளவு தேவ இருக்கும்."

"இல்லாட்டி?"

தரணீதரன் அவன் தோளில் கை வைத்தார். அந்தக் கையும் ஒட்டியது. "நீ உன்ற தப்ப சரி பண்ணீட்ட. நொம்ப சந்தோசம். மேல இருக்கற அந்த ஒரு வரியத் தொடாத. அது உம்பேர்லதான் இருக்குது, ஞாபகம் வெச்சுக்க. வெளிய போனா ஒனக்குத்தான் சங்கட்டம். எனக்கு உன்ற பேரு முக்கியம் கண்ணு."

இவ்வளவு பணிவாக ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் கழுத்தை நெரிக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் குகன் பார்த்தான். "சரிங்ணா" என்றான். சொன்ன பிறகு, அந்தச் சொல் நாக்கில் எண்ணெய் மாதிரி படிந்து கிடந்தது.

பத்து மணி. ஜெயசுதா ஒரே ஒரு தடவை அழுத்தினாள். குகன் பதிவைப் பார்த்தான். அவன் திருத்திய வாசல் அவளை இந்த முறை தள்ளவில்லை, மரியாதையாக உள்ளே விட்டது. உள்ளே இலைகள் எல்லாம் காலியாகக் கிடந்தன. மிச்சமிருந்த இடங்களை அவளுக்கு முந்தியவர்கள் எடுத்து முடிக்க மூன்று நொடி ஆகியிருந்தது.

"தம்பி, இப்ப வேற மாதிரி வந்திருக்குதுங்க." போனைத் திருப்பிக் காட்டினாள். 'இந்த வாரத்துக்கு இடம் இல்லை.'

ஐந்து நிமிடம் முட்டி மோதி அவன் செய்தது இவ்வளவுதான். பொய்யான மறுப்பை எடுத்துவிட்டு உண்மையான மறுப்பை வைத்திருக்கிறான்.

டீ வந்து, மேலே ஆடை படிந்து, ஆறிக்கொண்டிருந்தது. ஜெயசுதா போனில் ஓர் எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். சத்தம் பெரிதாக வைத்திருந்த போன். எதிர்ப்பக்கத்துக் குரல் குகனுக்கும் கேட்டது.

"சென்னியப்பன் சாருங்களா? அருள்புரத்துல இருந்து ஜெயசுதா பேசறனுங்க. இந்த வாரம் சாயத்துக்கு எடம்..."

"எடத்துக்கென்ன அம்மணி, நம்மகிட்ட நெறைய இருக்குது. நாந்தான் போன மாசமே சொன்னனே. தனியா எதுக்குக் கஷ்டப்படறீங்க. டேபிள எல்லாம் நம்ம ஷெட்டுக்கே எடுத்துட்டு வந்துருங்க. ஆர்டரையும் நம்ம பேர்ல மாத்தீருவோம். நீங்க உங்க ஊடு மாதிரி இருந்துக்கலாம்."

"போர்டு மட்டும்..."

"போர்டு எதுக்குங்க அம்மணி. பத்தே காலுக்குள்ள சொல்லீருங்க. அப்பறம் லாட்டு நெம்பர் போடோணும்."

"சித்த நேரத்துல சொல்றனுங்க சாமி."

போனை மடியில் வைத்துக்கொண்டாள். "பாத்தீங்களா தம்பி. எவ்வளவு மரியாதையா பேசறாரு. வைய மாட்டாருங்க. ஒருநாளும் வைய மாட்டாரு."

பத்தே கால் என்ற சொல் குகனின் காதில் முள்ளாகக் குத்தி நின்றது. அவனே எழுதிய இன்னொரு சட்டம் அது. இடம் பிடித்தவர் கால்மணி நேரத்துக்குள் துணிக் கட்டுக்கான லாட் எண்ணைப் போட்டு, துணிச் சுருளின் சீட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் இடம் பொதுவுக்குத் திரும்பிவிடும். போன வாரப் பதிவில் பத்தே காலைப் பார்த்தான். சென்னியப்பனின் நூற்றுப் பன்னிரண்டில் உண்மையான துணி முப்பதுக்குத்தான். மிச்சம் எண்பத்திரண்டும் பத்தே காலுக்குப் பொதுவில் விழுந்திருக்கின்றன. விழுந்த அதே நொடியில் 'முதல்பந்தி' மறுபடி வந்து அத்தனையையும் அள்ளியிருக்கிறது. மறுபடி பத்தரை. மறுபடி பத்தே முக்கால். தனக்குத் தேவையே இல்லாத இடங்களைக் கால்மணிக்கொரு தடவை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, ஜெயசுதா மாதிரி ஆட்கள் போன் செய்வதற்காக உட்கார்ந்திருக்கிறார் அந்த மனிதர். அவருக்குத் துணி வேண்டாம். டேபிள்கள் வேண்டும், போர்டுகள் கீழே இறங்க வேண்டும்.

கோபம் என்றால் கத்தித் தீர்த்துவிடலாம். இது கோபமில்லை. பந்தி முடிந்த இலைகளை அள்ளும்போது கையெல்லாம் ஒட்டுமே, அந்த அருவருப்பு. அதில் பாதி தன் கையிலும் இருந்தது.

மணி பத்து பன்னிரண்டு. தரணீதரன் தன் அறையில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். குகன் கோப்பைத் திறந்தான். மேலே இருந்த வரியை அழித்தான்.

"மக்கா, வேண்டாம்லே" என்றான் ராபின் மெல்ல.

"எம்பேர்ல இருக்கற வரி. நான் அழிச்சுக்கறேன்."

வாசல் புதுச் சட்டத்தை எடுத்துக்கொள்ள நாற்பது நொடி ஆனது. பழைய கன்டெய்னர் ஒவ்வொன்றாக விலக, புதியது ஒவ்வொன்றாக எழுந்து நின்றது.

"அக்கா, பத்தே காலுக்கு மறுபடி ஒருக்கா அமுத்துங்க. உங்க காம்பவுண்டுல எல்லாத்தையும் அமுத்தச் சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க."

அவள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. காம்பவுண்டின் வாட்ஸ்அப் குழுவில் வாயாலேயே பேசி அனுப்பினாள். "எல்லாரும் பத்தே காலுக்கு அமுத்துங்க. ஒருக்கா மட்டும்."

பத்தே கால். இந்த வாரம் எண்பது இடங்கள் பொதுவில் விழுந்தன. 'முதல்பந்தி' வழக்கம்போல நானூறு கையோடு வந்து வாசலில் மோதியது. நானூற்று இருபத்தொன்பது. நானூற்று இருபத்தொன்பது. அளவு மீறித் தட்டுபவரைத் தள்ளும்போது வாசல் போடும் அந்த மறுப்பு எண் திரையில் மேலிருந்து கீழாக ஓடியது. அதே வாசகம் இப்போது சென்னியப்பனின் இருபத்தாறு கணக்குகளுக்கும் போனது. மிக அதிகமான கோரிக்கைகள். சற்று நேரம் கழித்து முயலவும்.

"தம்பி, வியாழக்கெழமைனு வந்திருக்குதுங்க." ஜெயசுதா திரையை விரலால் தொட்டுக் காட்டினாள். "நானூறு கிலோ. வியாழக்கெழம."

"லாட்டு நெம்பர் போட்டுருங்க. சீட்டு கையில இருக்குதுங்களா?"

இருந்தது. மூன்று வாரமாகப் பையில் வைத்திருந்தாள்.

அவள் சீட்டைப் படம் எடுத்து அனுப்பி முடிப்பதற்குள் தரணீதரனின் அறையில் போன் அடித்தது. கண்ணாடி வழியாக அவர் எழுந்து நின்று பேசுவது தெரிந்தது. "ஆமாங்க சம்பந்தி... இல்லீங்க, சர்வர் கோளாறுங்க... பையன் பாத்துட்டு இருக்கறானுங்க..." போனை வைத்துவிட்டு வெளியே வந்தார். இப்போதும் வையவில்லை. கையில் அந்த டப்பா.

"கண்ணு, தெரியாம அழிஞ்சுருச்சு போலிருக்குது. பரவால்ல. இந்த வாரம் போனாப் போகுது. அடுத்த திங்கக்கெழமைக்குள்ள நீயே போட்டுரு. ராபின் வேண்டாம், உன்ற கையால போடு." டப்பாவை நீட்டினார். "இந்தா, மொதல்ல வாய இனிப்பாக்கு."

நெய்யும் பாகும் ஒட்டிக்கொண்ட அந்த மஞ்சள் சுருளைப் பார்த்தான் குகன்.

"வேண்டாங்ணா. வாந்தி வருது."

திரும்பி உட்கார்ந்து இரண்டு பதிவுகளை அச்சடித்தான். ஒன்று, பத்து மணியும் பத்தே காலும்: யார், எத்தனை, எந்த நொடி. இன்னொன்று, அழிந்த வரியும் அதை எழுதியவர் பெயரும். பிரிண்டர் இழுத்து இழுத்துக் கக்கியது. தரணீதரன் டப்பாவோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு இல்லை.

குகன் சிஸ்டத்தைப் பூட்டினான். ஐந்து மாதம் பிந்திய பூட்டு. பையை எடுத்துக்கொண்டு ஜெயசுதாவோடு படியிறங்கினான். கீழே பட்டறைச் சத்தத்தில் அவள் குரலை உயர்த்திப் போனில் விசாரித்துக்கொண்டே வந்தாள்.

"ஏழு பேத்துக்குக் கெடச்சிருக்குதுங்க தம்பி. நாலு பேத்துக்கு இல்ல. அதுக்குள்ள வேற யாரோ எடுத்துட்டாங்களாம். போகுது, அடுத்த வாரம் புடிச்சுக்கலாம்."

"அடுத்த வாரம் முடியாதுங்க அக்கா." காகிதங்களை நீட்டினான். "அந்த வரிய மறுபடி போட்டுருவாங்க. நான் இருக்க மாட்டேன். இதக் கொண்டு போயி சாயப்பட்டறைக்காரங்ககிட்டக் காட்டுங்க. எடம் அவிங்களுதுதான். யாருக்குப் போகுதுன்னு அவிங்களுக்கே தெரியாது."

அவள் முதல் தாளைப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"இதுல உங்க பேருங்களா தம்பி இருக்குது?"

"ஆமாங்க. நான் எழுதல. ஆனா பூட்டாம எந்திரிச்சுப் போனது நாந்தான். நீங்க காட்டும்போது அந்தப் பேரையும் சேத்தித்தானுங்க காட்டோணும். கிழிச்சுட்டுக் காட்டுனா நம்ப மாட்டாங்க."

ஜெயசுதா தாள்களை நான்காக மடித்து, துணிச் சீட்டு இருந்த அதே பையில் வைத்தாள். பிறகு போனை எடுத்து, சென்னியப்பனின் எண்ணை அழுத்தினாள்.

"சார், ஜெயசுதா பேசறனுங்க. டேபிள் எல்லாம் எடத்துலயே இருக்கட்டுங்க. போர்டுந்தான்." அந்தப் பக்கம் ஏதோ இனிமையாகக் கேட்டது. "ஆமாங்க. சரிங்க. வெச்சர்றனுங்க."

பல்லடம் பக்கம் போகும் பஸ் வந்தது. ஏறி நின்றுகொண்டு, "டீய அப்படியே வெச்சுட்டு வந்துட்டனுங்க" என்றாள்.

குகன் தெருக்குழாயில் கை கழுவினான். இரண்டாவது தடவையும் கழுவினான். விரலிடுக்கில் இன்னும் ஒட்டியது.